மேல்காற்று

பணகுடிக்குத் தெற்கே காற்றாலைக் கட்டுப்பாட்டு அறை.
ராத்திரி இரண்டரை மணி.
கோயில்பிச்சை சேனல் மாற்றிக்கொண்டே போகையில்
ஒருத்தன் குனிந்து இரண்டு இணுக்குப் புல்லைக் கிள்ளி
முகத்துக்கு நேரே விட்டான்.
புல் இடப்பக்கம் சாய்ந்தது.

நாங்களும் அப்படித்தான்.
ஏணியில் கால் வைக்குமுன்
ஒரு பிடி செம்மண்ணை அள்ளி விட்டுப் பார்ப்போம்.
மீட்டர் இருக்கிறது, சிவப்பு எழுத்தில் வேகம் காட்டுகிறது,
இருந்தாலும் விட்டுப் பார்ப்போம்.

அவன் மட்டையை வீசினான்.
பந்து ஏறியது, ஏறியது, பிறகு
யாரோ தோளைத் தட்டிக் கூப்பிட்டதுபோல்
வலப்பக்கம் திரும்பிக் குளத்தில் விழுந்தது.

"மேல வேற காத்துல்லா ஓடுது!"
கத்திவிட்டேன்.
எண்பது மீட்டர் உயரத்தில் கதவைத் திறந்து
தலையை நீட்டியவனுக்குத் தெரியும்.
மேல் என்றால் எங்களுக்கு மேற்கு மட்டுமில்லை.
"அவனுக்குக் கேக்காது வே," என்றான் கோயில்பிச்சை.
பேர் மூன்று விநாடி திரையில் நின்றது.
எழுத்துக் கூட்டுவதற்குள் போய்விட்டது.

அப்போது பிடித்தது இந்த ஆசை.
ஒரு போட்டி. ஒரே ஒரு தடவை. நேரில்.

எதற்குப் போவது?
ஆனி, ஆடி, ஆவணியில் நடப்பதையெல்லாம் முதலில் அடித்தேன்.
கணவாய் வாய் திறந்து ஊதும் மாதங்களில்
லீவு கேட்டால் மேனேஜர் சிரிப்பார்.
தில்லியில் ஒன்று: போக இரண்டு ராத்திரி, வர இரண்டு ராத்திரி.
சென்னையில் ஒன்று: தாம்பரத்தில் மச்சினன் இருக்கிறான்,
கறி எடுத்துப் போட்டு
மத்தியானம் தூங்க வைத்துவிடுவான்.
மிச்சம் பெங்களூரு, மாசியில்.
வள்ளியூரில் சாயங்காலம் ஏறினால் விடியக் கண் முழிக்கலாம்.

"காத்தே இல்லாத மாசத்துல
காத்தப் பாக்கப் போறீராக்கும்," என்றான் கோயில்பிச்சை.
பதில் இல்லை என்னிடம்.

புஷ்பலீலா ஜெராக்ஸ் கடையை அடைத்துவிட்டு வந்து கேட்டாள்:
நாற்காலி உண்டா, குடை விரிக்கலாமா,
புளியோதரை கொண்டு போனால் வாசலில் பிடுங்குவார்களா.
"நாலு நாளா நடக்குமாம்? அப்ப கொடியேத்தம் என்னைக்கு?"
குழிக்குக் குழி கொடி இருக்கு,
ஏத்தம்தான் இல்லை என்றேன்.

எந்த நாள் என்பதில்தான் சண்டை.
ஞாயிறு போம், கோப்பை கொடுப்பான், கைதட்டு இருக்கும்,
அதுக்குத்தானே துட்டு, என்றான் கோயில்பிச்சை.
எனக்கு வியாழன்.
வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணக்குப் பார்த்துப்
பாதிப் பேரைப் பெட்டி கட்டச் சொல்லிவிடுவார்களாம்.
ஞாயிற்றுக்கிழமை நான் போய் நிற்கையில்
புல்லைக் கிள்ளி விட்டவன்
எந்த ஏர்போர்ட்டில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பானோ.
அவன் இந்தப் போட்டிக்கே வருவானா என்றும் தெரியாது.
அவனைப்போல் யாராவது ஒருத்தன் வருவான்.
டிக்கெட்டும் வியாழன் மலிவு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய பேருக்காரன் பின்னால் கூட்டம் போகட்டும்.
நான் ஆளில்லாதவன் பின்னால் நடப்பேன்,
பதினெட்டுக் குழியும்.
நடை பழக்கம்தான். தினம் ஏறுகிற ஏணி
நெட்டுக்குத்தாக நிற்பதால் நடையில் சேராது, அவ்வளவே.

ஒரு விஷயம்தான் இடிக்கிறது.
அவன் பந்து மேல் நிற்கையில்
மூச்சுக்கூட சத்தமாக விடக்கூடாதாம்.
'அமைதி' என்று பலகை பிடிக்கவே
சம்பளத்துக்கு ஆள் இருக்கிறதாம்.
நானோ இறக்கைச் சத்தத்தில்
கத்தியே பேசிப் பழகியவன்.
வீட்டில் உப்புக் கேட்டாலும் பக்கத்து வீட்டில் எடுத்து வைப்பார்கள்.
அவன் புல்லை விட்டு, புல்லை நம்பி, மட்டையை ஓங்கும்போது
மேலே வேறு காற்று ஓடுவது எனக்கு மட்டும் தெரிந்தால்?

போனில் எத்தனை பேர் என்று கேட்டது.
இரண்டு என்று அழுத்தினேன்.

"நான் எதுக்கு? எனக்கு ஒரு எழவும் புரியாது."

"வாயைப் பொத்த ஒரு கை வேணும்லா."

புஷ்பலீலா தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.
ரேகைக்குள் டோனர் கறுப்பு.
"இது போவாது," என்றாள்,
"பரவால்லியா?"